கப்பல் பட்டியலில் ஒரு பாட்டன்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடப் புகும்போது முதலில் கண்டறிய வேண்டியது பெயரை அன்று, ஓர் எண்ணை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி, 1911இல் ஆளெடுப்பு நின்றது வரை, கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில் பாதைகளுக்குமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட இவர்கள் ஒப்பந்தக் கூலிகள் எனப்பட்டனர். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட தொடரெண் அவர்களது ஒப்பந்தத்திலும், திருமணப் பதிவிலும், விடுதலைச் சீட்டிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

அந்த எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியல் திறந்துகொள்ளும். கப்பலில் வந்தவர்களை ஆளுக்கொரு வரியாகப் பதிந்த இந்த ஏட்டில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை தனித்தனிப் பத்திகளில் உள்ளன. நெற்றித் தழும்பு, கை மச்சம் என்று ஆளை மறுபடி பிடிப்பதற்காகக் குறித்துவைத்த அந்தச் சில சொற்களே, படம் எதுவும் எஞ்சாத ஒரு பாட்டனின் உருவமாக இன்று பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கின்றன என்பது நெஞ்சைத் தொடுவது.

பெயரைக் கொண்டு தேடுவோர் வழிதவறுவதற்குக் காரணங்கள் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் தமிழ் வழக்கம் அங்கே தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயராக இறுகியபோது, சிலருக்குப் பாட்டனின் இயற்பெயரும் சிலருக்குச் சாதிப் பட்டமும் குடும்பப் பெயராயின; கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் முதலி ‘மூட்லி’ ஆனதும் இவ்வாறே. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிய எழுத்தர்களுக்கு ல, ள, ழ என்ற வேறுபாடு கிடையாது. சாதிப் பத்தியையும் அப்படியே நம்ப இயலாது. தொடக்கக்காலப் பட்டியல்களில் அங்கே காணப்படும் ‘மலபார்’ என்பது சாதியன்று, தமிழரைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய பழஞ்சொல்.

ஊர்ப்பெயரைப் படித்தறிந்த பின்னும் தேடல் முடிவதில்லை. வட ஆற்காடு ஜில்லா என்று எழுதியிருந்தால், வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என அது பிரிந்த இன்றைய மாவட்டங்களில் மட்டும் தேடினால் போதாது. 1911இல் அதன் வடபகுதித் தாலுகாக்களைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டதால், பாட்டன் பிறந்த ஊர் ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கவும் கூடும். ஒரே பெயரில் ஊர்கள் பல உள்ளமையால், பட்டியலில் தாலுகாவின் பெயர் படிக்கும்படி இருக்கிறதா என்பதைத்தான் ஆய்வாளர்கள் முதலில் பார்க்கிறார்கள்.