நின்று கெடும் விதைப்புக் கருவி

கரிசல் காட்டில் புரட்டாசி விதைப்பு முடிந்ததும் டிராக்டரிலிருந்து சீட் டிரில்லைக் கழற்றிக் கொட்டகை ஓரம் தள்ளிவிடுகிறோம். ஆண்டில் சில வாரங்கள்தான் அதற்கு வேலை. மீதி மாதமெல்லாம் அது சும்மா நிற்கிறது. பழைய கருவிகளை உழைப்பைவிட இந்த நிற்றல்தான் அதிகம் கெடுக்கிறது. மானாவாரியில் விதைத்த கையோடு ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடும். உரமும் ஈரமும் இரும்பும் ஒன்றுசேர அதைவிடத் தோதான காலம் இல்லை.

உரப் பெட்டியில் தங்கும் மிச்ச உரம்தான் முதல் எதிரி. காற்றிலுள்ள ஈரத்தை யூரியா தானாகவே இழுக்கும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் அது கசியத் தொடங்கும். டி.ஏ.பி.க்கு இந்த வரம்பு 80-க்கு மேல். இரண்டும் கலந்து கிடந்தால் வரம்பு இன்னும் இறங்கும். மழைக்கால இரவில் காற்று இந்த அளவை எளிதாகக் கடந்துவிடும். அதனால் ஒரு சொட்டு மழை படாத கொட்டகையிலும் பெட்டியின் அடியில் உரக் கரைசல் படலமாகப் படிகிறது.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. கரைந்த உப்பின் அயனிகள் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் அந்த வினை வேகமெடுக்கிறது. பொட்டாஷில் உள்ள குளோரைடு, இரும்பின் மேலிருக்கும் காப்புப் படலத்தையே உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். சங்கிலிக் கண்ணி இறுகுவதும் போல்ட் அசைய மறுப்பதும் அதனால்தான்.

சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் விதைப் பெட்டி, உரப் பெட்டி இரண்டையும் காலி செய்து, காய்ந்த தூரிகையால் மூலை முடுக்கெல்லாம் துடைக்க வேண்டும். மருந்து கலந்த விதையின் தூசி மூச்சில் ஏறாதபடி முகக்கவசமும் கையுறையும் அவசியம். அந்த விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது. கழுவிய நீர் கிணற்றுக்கோ கண்மாய்க்கோ போகவும் கூடாது. உரப் பெட்டியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். பேரிங்கின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் கிரீஸ் வெளியேறி நீர் உள்ளே புகும்.

சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் இட வேண்டும். மண்ணைக் கீறிக் கீறிப் பளபளப்பான கொழுவுக்குப் பெயின்ட் காப்பு கிடையாது. அதற்குக் கிரீஸ் தடவ வேண்டும். ரப்பர்க் குழாயில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் ரப்பர் உப்பி இளகிவிடும். வெயிலில் கிடந்தாலும் வெடித்துவிடும். குழாய்களைக் கழற்றி, மடிப்பு விழாமல் நிழலில் தொங்கவிடலாம்.

பெட்டியில் ஒரு பிடி விதை மிஞ்சினாலும் எலி தேடி வரும். அது கூடு கட்டினால் குழாய் அடைபடும். அதன் சிறுநீர் தகரத்தை அரிக்கும். கருவியை மண்தரையில் நிறுத்தாமல் மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். தார்ப்பாயைத் தரைவரை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்த பட்டத்துக்கு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றி, ஒவ்வொரு குழாயிலும் விழும் விதையைத் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பது குழாயில் ஒன்று அடைத்திருந்தால் நிலத்தில் 11 சதவீதம் வெறும் சாலாகிவிடும். முளை தெரியும்போதுதான் அந்த இடைவெளி கண்ணில் படும். அதற்குள் முதல் மழையின் ஈரம் குறைந்திருக்கும்; மறு விதைப்பால் விதைச் செலவும் கூடும். கருவியைக் கழுவிக் காயவைப்பதையும் விதைப்பின் கடைசி வேலையாகவே வைத்துக்கொள்வோம்.