புது பாட்டரி போட்டும் கார் ஏன் கிளம்பவில்லை?

பழைய காரொன்றை வாங்கியவர், சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற சப்தம் மட்டும் கேட்கக் கண்டு, பாட்டரியை மாற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றி, அப்பொழுதும் வியாதி தீராமல் தவிப்பது சர்வசாதாரணமான விஷயம். மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. எஞ்சினைப் பாட்டரியின் எதிர்முனையோடு பிணைக்கும் எர்த் வயர் வழியே அது திரும்பியும் வரவேண்டும். அவ்வயரின் முனையில் துரு படிந்து 0.01 ஓம் தடை உண்டானாலும் விளக்குகள் வழக்கம்போல் எரியும். ஆனால் 200 ஆம்பியர் கோரும் ஸ்டார்ட்டருக்கோ, 12 வோல்ட்டில் 2 வோல்ட் அங்கேயே உஷ்ணமாக விரயமாகிவிடும். ஆகையால், ஸ்டார்ட்டரை இயக்கும் தருணத்தில், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்துப் பார்க்க, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், குற்றவாளி அந்த வழியே. பெரும்பாலும், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். பாகங்களை மாற்றிக்கொண்டே போகும் மெக்கானிக்கைக் காட்டிலும், முதலில் அளந்து பார்ப்பவரிடமே நான் வண்டியை ஒப்படைப்பேன்.