பதினெட்டு அங்குலப் படிக்குப் பதினெட்டு அடிச் சரிவு

எட்டயபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற கோவில்பட்டி போக வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் தூத்துக்குடி. இரண்டுக்கும் பஸ்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் டிக்கெட் வாங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி? நம் பக்கம் ஓடுகிற பஸ்ஸின் உள்தளம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரம். நடுவில் செங்குத்தான படிகள், கதவை ஒட்டி ஒரு கம்பி.

“அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க” என்றால் நாலு பேர் ஓடி வருவார்கள். கரிசல்காட்டில் அந்த மனசுக்குக் குறைவில்லை. ஒருவர் கக்கத்தில் கை கொடுப்பார், ஒருவர் காலைப் பிடிப்பார், மடக்கிய சக்கர நாற்காலி மூட்டைகளோடு மூட்டையாக ஏறும். ஆபத்து இருப்பதும் இந்த இடத்தில்தான். தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போகலாம். படியின் தகர விளிம்பில் குதிகால் உரசி ரத்தம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் புண். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் இழுபடும். நாள்பட நடக்காத காலின் எலும்பு லேசான முறுக்கலுக்கே முறியும். இதில் பெண்கள் படும் கூச்சத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போகிற இடத்தில் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது என்று முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு; அந்தப் பழக்கம் சிறுநீரகத்தில் போய் முடியும்.

தூக்கிவிடுவதற்கு மாற்று இருக்கிறது. தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர் உயரம்தான். வாசலில் ஒரு பலகை விரிந்தால் நாற்காலி அப்படியே உருண்டு ஏறும். இதைக் கேட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருடம் போராடினார்கள். 2024இல் சென்னைச் சாலைகளில் அந்தப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதே தாழ்தளப் பேருந்துத் திட்டத்தில் மதுரையும் கோவையும் சேர்ந்தன. எட்டயபுரம் மாதிரி ஊர்களின் முறை எப்போது என்று கேட்க ஆள் வேண்டும்.

அதுவரை பலருக்குத் துணை, அரசு தரும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அது ஆபீஸ் கேட் வரை கொண்டுபோய் விடும். நாற்காலி வீட்டில் இருக்கிறது. கேட்டுக்கு அப்பால் மூன்று படி இருக்கிறது. அங்கிருந்து தவழ்வதா, “சார், கொஞ்சம் வெளியே வாங்க” என்று குரல் கொடுப்பதா?

“அதான் சாய்தளம் கட்டியிருக்கே” என்பார்கள். கட்டியிருக்கிறார்கள், இஞ்ச் டேப் எடுத்து அளந்து பாருங்கள். கணக்கு எளிது: ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குலம் ஏற பன்னிரண்டு அங்குலம், அதாவது ஓரடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் மொத்தம் பதினெட்டு அங்குலம். சரிவு பதினெட்டு அடி ஓட வேண்டும். நாம் பார்ப்பதோ நாலடியில் முடிகிற சறுக்குமரம். அதில் தனியாக ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். நம் மண்ணுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் சரியில்லாமல் பூசிவிட்ட சரிவு இரண்டே கோடையில் கட்டடத்தை விட்டு விலகி, நடுவில் ஒரு பிளவு விழும். முன்சக்கரம் சிக்குவதற்கு அந்தப் பிளவு போதும்.

வீட்டுக்கு வருவோம். பழைய வீடுகளில் தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே வாறுகால்; அதைத் தாண்டினால் திண்ணை உயரப் படி. குளியலறைக் கதவு இரண்டடி. நாற்காலியோ இரண்டடிக்கு மேல். 900 மில்லிமீட்டர் கதவும், உள்ளே நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டமும் வேண்டும். வாடகை வீட்டில் சட்டத்தின் கை அவ்வளவாக நீளாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கொடுக்கும்போதே பேசி, ‘சரிவுப் பலகை, கைப்பிடிக் கம்பி வைத்துக்கொள்ளலாம், காலி செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குவதுதான் பிழைக்கும் வழி. அரசு வீட்டுத் திட்டங்களில் நிலைமை வேறு: குறிப்பிடத்தக்க குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு சட்டப்படி உண்டு, பெண்களுக்கு அதில் முன்னுரிமை. மாடி வீடு ஒதுக்கினால் பேசாமல் சாவியை வாங்கிவிடாதீர்கள். தரைத்தளம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

எந்தச் சட்டம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. போக்குவரத்துக்குப் பிரிவு 41. புதுக் கட்டடத்துக்குப் பிரிவு 44: அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் தரக்கூடாது, நிறைவுச் சான்றும் தரக்கூடாது. ஆகவே பேரூராட்சியில் ஏதாவது புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால் மனு கொடுக்க வேண்டிய நேரம் அஸ்திவாரம் தோண்டும்போது. திறப்பு விழா அன்று கொடுத்துப் பயனில்லை. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய பிரிவு 45 கொடுத்த ஐந்து வருடக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தான் என்று இனி யாரும் தட்டிக்கழிக்கவும் முடியாது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளைப் பரிந்துரை போல விட்டுவைத்த விதி 15(1) செல்லாது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. பொது இடத்தில் வேண்டுமென்றே ஒருவரது குறைபாட்டை இழிவுபடுத்தினால் பிரிவு 92 வரும். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை.

மனுவில் கஷ்டத்தை எழுதுவதைவிட அளவை எழுதுங்கள். ‘மிகவும் சிரமப்படுகிறேன், கருணை காட்டவும்’ என்ற மனு ஆறுதல் வாங்கித் தரும். ‘படி உயரம் 18 அங்குலம், சரிவின் நீளம் 4 அடி, இருக்க வேண்டியது 18 அடி, புகைப்படம் இணைப்பு’ என்ற மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும். முதலில் அந்தந்த அலுவலகத்தில் கொடுங்கள். ஒவ்வொரு அரசு நிறுவனமும் இதற்கென ஒரு குறைதீர்க்கும் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஒரு நகல் போகட்டும். பத்து ரூபாய் கட்டி, அந்தக் கட்டடத்தில் அணுகல் தணிக்கை நடந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் வேண்டுமானால் வருமானக் கணக்குப் பாராமல் இலவசமாகக் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். சீட்டு மேஜையில்தான் இருக்கிறது, மேஜை மூன்று படி மேலே இருக்கிறது என்றால், அந்த மூன்று படியையும் அளந்து அதே மனுவின் கடைசியில் எழுதிவிடுங்கள்.