நேற்று வரை நம்ம பிள்ளை

2002 நவம்பர் 23. பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானம். ரியல் மாட்ரிட் அணிக்குக் கார்னர் கிக். பந்தை மூலையில் வைக்க வந்தவர் லூயிஸ் ஃபிகோ. அவ்வளவுதான், நாணயங்களும் பாட்டில்களும் செல்போன்களும் அவரை நோக்கிப் பறந்து வந்தன. புல்தரையில் வந்து விழுந்தவற்றில் ஒன்று, ஒரு பன்றிக்குட்டியின் தலை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரு அணிகளையும் உள்ளே அனுப்பினார். மறுபடி தொடங்கக் கால் மணி நேரம் போல ஆயிற்று.

ஃபிகோ செய்த குற்றம் வேலை மாறியதுதான். 1995 முதல் 2000 வரை இதே மைதானத்தில் பார்சிலோனாவுக்கு ஆடி, இதே ரசிகர்களின் கைதட்டலை வாங்கியவர் அவர். நம்மோடு வேலை பார்ப்பவர் போட்டிக் கம்பெனிக்குப் போனால், டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்புகிறோம். ஆட்டக்காரர் போனால் மட்டும் ஏன் இந்தக் கொதிப்பு?

ஒரு செய்தி, இரண்டு ஊர்

ஸ்பெயினில் விளையாட்டுக்கென்றே தினசரிகள் உண்டு. மாட்ரிட்டில் ‘மார்கா’, ‘ஆஸ்’. பார்சிலோனாவில் ‘முண்டோ டெபோர்ட்டிவோ’, ‘ஸ்போர்ட்’. எது எந்த அணியின் பக்கம் என்பது காலைக் காபியோடு பேப்பரைப் புரட்டும் எல்லோருக்கும் தெரியும்.

2000 ஜூலையில் ரியல் மாட்ரிட் கிளப்பின் தலைவர் தேர்தல். ஃபிகோவைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்துப் போட்டியிட்டார் ஃப்ளோரென்டினோ பெரெஸ். ஃபிகோவோ, பார்சிலோனாவை விட்டுப் போகமாட்டேன் என்று ‘ஸ்போர்ட்’ பத்திரிகை வழியாக ரசிகர்களுக்கு உறுதி சொல்லியிருந்தார். பெரெஸ் ஜெயித்தார். ஜூலை 24 அன்று ஃபிகோ மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையோடு மேடையில் நின்றார்.

பார்சிலோனாவால் அதைத் தடுக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் குறித்த தொகையைக் கட்டினால் ஆட்டக்காரர் விலகிக்கொள்ளலாம் என்பது ஸ்பெயினில் 1985 முதல் உள்ள விதி. ஃபிகோவுக்குக் குறித்திருந்த தொகை 1,000 கோடி பெசெட்டா, சுமார் 6 கோடி யூரோ. அதுவரை உலகில் எந்தக் கால்பந்து வீரருக்கும் அவ்வளவு விலை தரப்பட்டதில்லை.

ஒரே ஒரு கையெழுத்து. மாட்ரிட்டுக்கு அது மகுடம், பார்சிலோனாவுக்குத் துரோகம். ‘பெசெட்டேரோ’, காசுக்கு அலைகிறவன், என்ற வசவு அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அக்டோபர் 21 அன்று எதிரணி வீரராக அவர் முதன்முறை கேம்ப் நோவுக்கு வந்தபோது, அவர் முகம் அச்சிட்ட போலிப் பணத்தாள்கள் கூட்டத்தில் ஆடின.

கண் பார்ப்பதும் கட்சி பார்ப்பதும்

ஊர்ப் பத்திரிகை பொய் சொல்கிறதா? இதற்கு ஒரு பழைய ஆய்வு விடை வைத்திருக்கிறது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரு அமெரிக்கக் கல்லூரிகள் அமெரிக்கன் ஃபுட்பாலில் மோதின. பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. இரு கல்லூரிகளின் மாணவர் பத்திரிகைகளும் எதிரெதிராக எழுதித் தீர்த்தன. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகளை அக்கல்லூரி மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக எண்ணினார்கள் பிரின்ஸ்டன்காரர்கள். படம் ஒன்றுதான். பார்க்கும்போதே மனம் கட்சி சேர்ந்துவிடுகிறது.

கட்சி சேரப் பெரிய காரணமும் வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியரைப் பிடிக்கும் என்று கேட்டு இரண்டாகப் பிரித்தார் உளவியலாளர் ஹென்ரி தாஜ்ஃபெல். தன் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது சொந்தக் குழுவுக்கே கூட்டிக் கொடுத்தார்கள். எதிர்க்குழுவைவிட மேலே நிற்க வேண்டுமென்று, தங்கள் குழுவுக்கு வரக்கூடியதைக் குறைத்துக்கொள்ளவும் தயங்கவில்லை. 1970இல் வெளியான இந்த முடிவிலிருந்து ‘நாம்–அவர்கள்’ பற்றிய பல ஆய்வுகள் கிளை விட்டன.

அதில் ஒரு கிளை ஃபிகோவை நேராகத் தொடுகிறது. 1988இல் ஜோசே மார்க்கெஸும் அவருடைய சகாக்களும், பெல்ஜிய மாணவர்களிடம் நல்லவர், மோசமானவர் என இரு வகை ஆட்களைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். நல்லவர்களில் சொந்த நாட்டவருக்கே கூடுதல் மதிப்பு, அது எதிர்பார்த்ததுதான். மோசமானவர்களிலோ, வெளியாரைவிடச் சொந்த நாட்டவரைத்தான் அதிகமாகக் கரித்துக்கொட்டினார்கள். இதற்குக் ‘கறுப்பாடு விளைவு’ என்று பெயர். வெளியார் தப்புச் செய்தால் அது அவர் பாடு. நம்மாள் செய்தால் ‘நாம்’ என்ற சொல்லில் கறை படுகிறது. அந்தக் கறையைக் கழுவத்தான் அவரை அவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோம்.

பத்திரிகைக்கு இங்கே என்ன பங்கு? அமெரிக்க நாளிதழ்களை ஆராய்ந்து கென்ட்ஸ்கோ, ஷபிரோ என்ற பொருளியலாளர்கள் 2010இல் ஒன்று சொன்னார்கள்: அரசியலில் ஒரு பத்திரிகை சாயும் பக்கத்தைப் பெரிதும் தீர்மானிப்பது முதலாளியின் கருத்தல்ல, வாசகரின் கருத்து. விளையாட்டுப் பக்கத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பார்சிலோனா வாசகருக்கு விடியும்போதே வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்குத் தலைப்பு வைத்தது பத்திரிகை. தலைப்பைப் பார்த்து எரிச்சல் இன்னும் ஏறியது.

அணி மாறுகிற எல்லோருக்கும் இந்தக் கதி வருவதில்லை. மைக்கேல் லாட்ரூப் 1994இல் இதே பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட் போனார். பயிற்சியாளர் யோஹான் க்ரைஃபோடு அவருக்கு ஒத்துவரவில்லை, ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் அவரைச் சேர்க்கவுமில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கசந்து போனவரை ஓரளவு மன்னிக்கலாம். உச்சத்தில் நின்றுகொண்டு, இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவரை முடியாது.

அந்த அக்டோபர் 21 ஆட்டத்தில் பார்சிலோனா 2–0 என்று வென்றது. ஃபிகோவைத் துரோகி என்று கத்திய அதே தொண்டைகள் முதல் கோலுக்கு ஆர்ப்பரித்தன. அதை அடித்தவர் லூயிஸ் என்ரிக்கே. 1996இல் ரியல் மாட்ரிட்டை விட்டு பார்சிலோனாவுக்கு வந்தவர்.