காட்டுப்பன்றியைச் சுட அனுமதி: ஆணைக்குப் பின் என்ன செய்ய வேண்டும்?

வயல்களைச் சேதப்படுத்தும் காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றிகளைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அவற்றைப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத் துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத் துறை அலுவலர் ஆகியோரைக் கொண்ட ஊர்க்குழு உழவர்களின் கோரிக்கையை ஆராய வேண்டும்.

‘இனி பன்றியைச் சுடலாமாமே’ என்ற பேச்சு அந்த நாள்களில் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அடிக்கடி என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சில் நிம்மதியும் இருந்தது, பிழையான புரிதலும் இருந்தது. யார் சுடலாம், எங்கே சுடலாம், அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்பவை தெளிவாகாவிட்டால் இந்த ஆணை உழவருக்கும் உதவாது, விலங்குக்கும் உதவாது.

இரண்டு காடுகளின் விலங்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். மரங்கள் அடர்ந்த காடு மலையில் இருக்கிறது. சேர்வராயன், கொல்லிமலை, போதமலை, ஜருகுமலை, கல்வராயன், பச்சைமலை எனச் சமவெளியைச் சுற்றியும் ஊடறுத்தும் மலைகள் நிற்கின்றன. நடுநடுவே சிறு கரடுகள். மலைக்கும் வயலுக்கும் இடையே பெரும்பாலான இடங்களில் ஒரு வண்டிப்பாதைதான் எல்லை. காட்டுப்பன்றி இந்த இரண்டு காடுகளிலும் வாழக் கற்றுக்கொண்ட விலங்கு.

அதற்கு இங்கே உணவுக்குப் பஞ்சமில்லை. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பேர்போன இந்தப் பகுதியின் உயிர்நாடி மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்போம். குச்சி நட்டதிலிருந்து கிழங்கு வெட்ட எட்டு முதல் பத்து மாதங்கள் வரை ஆகும். அத்தனை மாதங்களும் மண்ணுக்கடியில் மாவுச்சத்து சேர்ந்துகொண்டிருக்கும். மோப்பத்தில் தேர்ந்த பன்றிக்கு அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கூட்டம் ஓர் இரவில் மூக்கால் உழுதுவிட்டுப் போன வயலில், பாதி தின்ற கிழங்கையும் சாய்ந்த செடியையும் மீண்டும் நட்டுப் பிழைக்க வைக்க முடியாது. நிலக்கடலை, மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

பன்றியின் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை ஈனும். எங்கள் மலைகளில் அதை வேட்டையாடி உண்ணும் பெரிய விலங்குகள் அருகிவிட்டன. சீமைக்கருவேலம் மண்டிய ஓடைகளும் ஏரிக்கரைகளும் பகலில் அது படுத்திருக்க இடம் தருகின்றன. மலைக்கே திரும்பாமல் சமவெளியிலேயே பிறந்து வளரும் பன்றிக் கூட்டங்கள் உருவாவதில் வியப்பில்லை.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டையை முற்றாகத் தடை செய்யவில்லை. உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட அது இடம் தந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த உரிம முறையை நீக்கியது. இன்று காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. மனித உயிருக்கோ விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல, சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ்த் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ காரணங்களை எழுத்தில் பதிந்து அனுமதி தரலாம்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற முடியும். அது துப்பாக்கியை வைத்திருப்பதற்கான உரிமம் மட்டுமே. அதைக் கொண்டு பன்றியைச் சுட்டால், கையில் உரிமம் இருந்தாலும், வன உயிரினச் சட்டத்தின்படி குற்றம். தமிழ்நாட்டு ஆணையின்படி சுட வேண்டியவர்களும் பயிற்சி பெற்ற வனத் துறையினர்தான். நிலத்துக்காரர் அனுமதி கோருபவர், சாட்சி, உதவியாளர். அவர் வேட்டைக்காரர் அல்லர்.

கேரளம் வேறு வழியில் சென்றது. 2022இல் அங்கே ஊராட்சித் தலைவர்களுக்கே சுட அனுமதிக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது. பிகாரிலும் உத்தராகண்டிலும் குறிப்பிட்ட மாவட்டங்களில், குறிப்பிட்ட காலத்துக்குக் காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக ஒன்றிய அரசு அறிவித்ததுண்டு. அவ்வாறு அறிவித்தால் அந்தக் காலம் முடியும்வரை விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பே இராது. தமிழ்நாட்டின் முறை இவ்விரண்டையும்விட நிதானமானது. அந்த நிதானம் செயலின்மையாக மாறிவிடக் கூடாது என்பதே என் கவலை.

எல்க் மானுக்கு ஒரு சீட்டு

அனுமதிக்கும் செயலுக்கும் இடையே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அறிய அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்குள்ள மேற்கு மாநிலங்களில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாட விரும்புபவர்கள் பல பகுதிகளில் விண்ணப்பித்துக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே சீட்டு விழுகிறது. எந்தப் பகுதி, எந்த நாள்கள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அந்தச் சீட்டிலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். விலங்கை வீழ்த்தியதும் சீட்டை அதன் உடலில் கட்டியாக வேண்டும். கொலராடோ மாநிலத்தில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க இயலாது.

முதன்முறை சீட்டு கிடைத்தவருக்கு அதன்பின் உள்ள மாதங்களெல்லாம் பயிற்சிக் காலம். நிலவரைபடத்தைப் படிக்கிறார், மான்கள் எங்கே மேய்கின்றன, எங்கே நீர் அருந்துகின்றன என்று முன்னதாகவே சென்று பார்க்கிறார், தன் துப்பாக்கி எத்தனை தூரம்வரை பிசகாமல் சுடும் என்று சோதிக்கிறார், அந்தத் தூரத்தைத் தாண்டி நிற்கும் மானைச் சுடாமல் விடப் பழகுகிறார். 1937இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரி வன உயிரினப் பராமரிப்புக்கே செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்ட எல்க் மான்கள் இன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம். எண்ணிக்கை தெரிந்து, அதற்கேற்ப அனுமதி வழங்கியது இதற்கொரு முக்கியக் காரணம்.

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. நீலகிரியில் கடமானை ஆங்கிலேயர்கள் ‘எல்க்’ என்றே அழைத்தனர். கண்மூடித்தனமான வேட்டையால் விலங்குகள் அருகியதைக் கண்டு 1877இல் அங்கே வேட்டைச் சங்கம் ஒன்று தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. உரிமமும் வேட்டைக்கு மூடப்பட்ட பருவமும் அதன்வழி வந்தன. அது வெள்ளையரின் பொழுதுபோக்கைக் காக்க வந்த ஏற்பாடுதான். ஆயினும், எதைச் சுடலாம், எப்போது சுடக் கூடாது என்ற கணக்கு இல்லாமல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது என்ற பாடம் அதில் உண்டு.

நமது வேட்டை பொழுதுபோக்கும் அன்று, இறைச்சிக்கானதும் அன்று. பயிர் காக்கும் கடைசி வழி. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூறு போற்றுகிறது. அந்தக் காலத்து வீரத்துக்கு அது பொருந்தும். இன்று எய்த குறி தப்பி வேறெதிலும் பாயாமல் இருப்பதே திறமை.

சுடும் முன்னும் பின்னும்

முதலில் குற்றவாளி பன்றிதானா என்று உறுதி செய்ய வேண்டும். முள்ளம்பன்றியும் கிழங்கைக் கடிக்கும். மயிலும் கடலையைக் கிளறும். பன்றி கிளறிய மண்ணும், பிளவுபட்ட குளம்பின் தடமும் தனித்துத் தெரியும். விடிந்ததும் தடம் அழியும் முன்பே படமெடுத்து, நிலத்தின் புல எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் தருவது உழவரின் வேலை. இழப்பீடு கோரவும் அதே சான்று தேவை.

இரண்டாவது, தூரம். 3 கிலோமீட்டர் என்பதைக் கண்ணளவில் சொல்லிவிட முடியாது. காப்புக்காட்டின் எல்லைக்கல்லிலிருந்து வரைபடத்தில் அளக்க வேண்டும். எந்தெந்தக் கிராமங்கள் எந்த வளையத்துக்குள் வருகின்றன என்ற பட்டியலை வனத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டிவிட்டால் பாதிப் பூசல் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, கூட்டத்தை அறிதல். பெண் பன்றிகளும் குட்டிகளும் ஒன்றாகத் திரியும்; மூத்த பெண் வழிநடத்தும்; வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்துத் திரியும். கண்ணில் பட்ட பெரிய ஆணைச் சுட்டால் படம் நன்றாக இருக்கும், எண்ணிக்கை குறையாது. பால் குடிக்கும் குட்டிகள் உள்ள தாயைச் சுட்டால் குட்டிகள் பட்டினியால் சாகும். எத்தனை உருப்படிகள், எந்த வழியாக வருகின்றன, எந்நேரம் என்பதைச் சில இரவுகளாவது பார்த்துக் குறித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். உள்ளூர் உழவரின் அறிவு வனத் துறைக்கு மிகவும் தேவைப்படும் இடம் இதுதான்.

நான்காவது, தோட்டா போகும் திசை. எங்கள் சமவெளியில் வீடுகள் ஊருக்குள் மட்டும் இருப்பதில்லை. தோட்டத்துக்கொரு வீடு, நடுவே தொழுவம், இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் ஆள். குறி தப்பிய தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. அன்றிரவு எந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பதை ஊருக்கு முன்கூட்டியே அறிவிப்பது குழுவின் கடமை.

ஐந்தாவது, காயம்பட்ட விலங்கு. காயத்தோடு புதருக்குள் நுழைந்த பன்றியைப் போல் ஆபத்தான விலங்கு இந்தப் பக்கத்தில் இல்லை. பன்றியோடு பொருது மாண்டவருக்கு எடுத்த நடுகற்கள் வட தமிழகத்தில் இன்றும் நிற்கின்றன. காயம்பட்டதைத் தேடி முடிக்கும்வரை வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது.

இறுதியாக, உடல். அனுமதியோடு கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து. இறைச்சியைப் பங்கிடுவது குற்றம். கால்நடை மருத்துவர் மாதிரி எடுப்பதும் அவசியம். 2023 ஜனவரியில் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது. வளர்ப்புப் பன்றிகளை அழித்துவிடும்.

ஆணையில் உள்ள இடைவெளிகள்

இழப்பு மிகுதியாக ஏற்படுவது மலையடிவார வயல்களில். அங்கேதான் சுடத் தடை. இதற்கு நியாயம் உண்டு. காட்டை ஒட்டிய பன்றி காட்டின் உணவுச் சங்கிலியில் ஓர் இணைப்பு. அங்கே பாயும் தோட்டா வேறு விலங்கின் மேலும் படலாம். ஆனால், கரடும் காப்புக்காடும் விரவிக் கிடக்கும் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 3 கிலோமீட்டர் வளையங்களை வரைந்தால் சுட அனுமதியுள்ள பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். எஞ்சிய உழவர்களுக்கு வேலியும் விரைவான இழப்பீடும்தான் வழி. 2023இல் மாநில அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. அதன்படி அமைக்கும் சூரிய மின்வேலிக்கு அடிவார ஊர்களில் மானியம் முன்னுரிமையோடு கிடைக்க வேண்டும்.

அடுத்தது குழு. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் சேலமும் நாமக்கல்லும் அடங்கும். அந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. ஆணை வந்த மாதத்திலேயே குழுவில் மக்கள் பிரதிநிதியின் நாற்காலி காலியாகிவிட்டது. அத்தகைய காலங்களில் உழவர் பிரதிநிதி ஒருவரையாவது குழுவில் சேர்க்க விதி வேண்டும்.

இவை தாமதமானால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வயலைச் சுற்றுகிறார்கள். பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயை வரப்பில் போடுகிறார்கள். இரண்டும் பன்றியை மட்டும் தேடிக் கொல்பவை அல்ல. 2023 மார்ச்சில் அண்டை மாவட்டமான தருமபுரியின் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. இருட்டில் நீர் பாய்ச்சப் போய் இத்தகைய கம்பியை மிதிப்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரராகவே இருப்பார்.

விண்ணப்பித்த நாளிலிருந்து முடிவு சொல்ல ஒரு காலவரம்பு; ஒவ்வோர் ஊரிலும் எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை பன்றிகள் பிடிக்கப்பட்டன, எத்தனை சுடப்பட்டன என்ற வெளிப்படையான பதிவேடு; ஆண்டுக்கொருமுறை கணக்கெடுப்பு. இந்த மூன்றையும் வனத் துறை செய்தால், கிழங்கு வெட்டும் பருவத்துக்கு முன்பே உழவருக்குப் பதில் கிடைக்கும். பதில் உரிய காலத்தில் கிடைத்துவிட்டால் மின்கம்பியை எடுக்கும் கைகள் குறையும்.