மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்: வகுப்பறையில் ஒரு பச்சைத் தாள்

கையில் ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். சிறு வகுப்பிலேயே இதைப் படித்துவிட்ட மேல்நிலை மாணவரிடம் கரும்பச்சைத் தாள் ஒன்றைக் கொடுத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதில் வைக்கச் சொன்னால் பழைய பாடம் ஆட்டம் காண்கிறது. தாளில் படிந்திருப்பது பாலிஅனிலின் என்ற பாலிமர். மீட்டரோ அதில் மின்சாரம் பாய்வதாகக் காட்டுகிறது.

மின்சாரம் கடத்தும் பாலிமர்களின் ஆய்வு சூடுபிடித்ததற்குக் காரணம் ஒரு கைப்பிசகு. 1967இல் டோக்கியோவில் ஹிடேகி ஷிரகாவா பணியாற்றிய ஆய்வகத்தில், பாலிஅசிட்டிலீன் என்ற இன்னொரு பாலிமரைத் தயாரிக்கும்போது வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடுதலாக விழுந்துவிட்டது. கரும்பொடிக்குப் பதிலாக வெள்ளிபோல் மின்னும் படலம் கிடைத்தது. பிறகு அமெரிக்காவில் ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து ஷிரகாவா அதில் அயோடின் ஆவியைச் செலுத்தியபோது, கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு வரை உயர்ந்தது. 1977இல் வெளியான இந்த ஆய்வு, 2000ஆம் ஆண்டு மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இவ்வகைப் பாலிமர்களில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். ஆனால் மின்சாரம் பாய அது மட்டும் போதாது; எலக்ட்ரான்கள் நகர இடமும் வேண்டும். நிரம்பிய திரையரங்கில் ஒருவர் எழுந்து போனால்தான் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார முடியும். அயோடின் எலக்ட்ரான்களைப் பறித்து அப்படிக் காலியிடம் உண்டாக்குகிறது. பாலிஅனிலினில் அந்த வேலையை அமிலம் செய்கிறது.

அதை வகுப்பிலேயே சோதிக்கலாம். பச்சைத் தாளை நீர்த்த அம்மோனியாவில் நனைத்தால் அமிலம் நீங்கி நீலமாகிறது. உலர்த்தி அளந்தால் மின்தடை எகிறியிருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்ததும் பச்சை திரும்புகிறது, கடத்தலும் திரும்புகிறது.

தாளைத் தயாரிப்பது ஆசிரியரின் பொறுப்பு. அனிலினை அமிலத்தில் கரைத்து அம்மோனியம் பெர்சல்பேட் சேர்த்தால் பாலிஅனிலின் உருவாகி, உள்ளே கிடக்கும் வடிதாளில் படியும். ஆனால் அனிலின் நச்சு; தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். எனவே கையுறை, பாதுகாப்புக் கண்ணாடியுடன் புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்து, நன்கு அலசி உலர்த்திய துண்டுகளை மட்டுமே மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

நிறம் மாறும் இந்தக் குணத்துக்கு நடைமுறைப் பயனும் உண்டு. மீனும் இறைச்சியும் கெடும்போது அமீன் வாயுக்கள் கிளம்பும். அவை பட்டால் பாலிஅனிலின் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுவதை வைத்து, உணவுப் பொட்டலத்தில் ஒட்டும் உணரிகளை ஆய்வாளர்கள் உருவாக்கிப் பார்த்து வருகிறார்கள்.