தொட்டிலருகே உத்தியோகம்

திசையன்விளையின் செம்மண் தேரிகளையும் பனங்காடுகளையும் விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் உத்தியோகம் தேடிப் போன பெண்களில் ஒரு சாரார், பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தபின் மடிக்கணினியோடு அங்கேயே அமர்ந்து வேலையைத் தொடரும் காலம் இது. தொட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் இவர்களுக்குப் பாலூட்டுவதில் தடை என்ன என்று கேட்பவர் உண்டு. காலைமுதல் மாலைவரை அடுத்தடுத்து வரும் காணொளிக் கூட்டங்களில் கட்டுண்டு, பசித்து அழும் சிசுவின் குரல் காதில் விழுந்தும் எழ முடியாமல் இருப்பவளுக்கு, அந்தத் தொட்டில் அடுத்த அறையில் இருந்தாலென்ன, உவரிக் கடற்கரையில் இருந்தாலென்ன?

தாய்ப்பால் குழந்தை குடிக்கக் குடிக்கப் பெருகும் இயல்புடையது. வேளை தவறித் தேங்கினால் மார்பு கட்டிக்கொண்டு வலியும் சுரமும் காண்பதோடு, சுரப்பும் நாளடைவில் குறையத் தொடங்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரமே போதும் என்றும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டுச் சட்டம் தரும் 26 வார விடுப்பிலோ 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே கழியக்கூடும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவளுக்கு மொத்த விடுப்பே 12 வாரந்தான். ஆகவே பால் மணம் மாறாத பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டே வேலைக்குத் திரும்ப வேண்டிய நிலை பலருக்கு நேர்கிறது.

இந்த நிலையை எண்ணியே 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பணிக்குத் திரும்பிய தாய்க்கு, வழக்கமான ஓய்வு நேரம் நீங்கலாக, குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்து, அவற்றின் பொருட்டுச் சம்பளத்தில் பிடித்தம் செய்தலாகாது என்றும் விதித்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவ்வுரிமையைக் காத்திருக்கிறது. பிரசவ விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது, முதலாளியும் தாயும் கலந்து பேசி உடன்படுவதைப் பொறுத்தது. பாலூட்டும் இடைவேளைக்கோ எவருடைய தயவும் வேண்டியதில்லை. வீட்டில் வேலை செய்பவளைச் சட்டம் இவ்விடத்தில் தனியே குறிப்பிடவில்லை என்பது மெய்யே. ஆயினும் அன்றாட வேலையினிடையே இடைவேளை அளிக்க வேண்டும் என்கிறதேயன்றி, அவ்வேலை எந்தக் கூரையின்கீழ் நடக்க வேண்டும் என்று அது வரையறுக்கவில்லை.

வீடும் வேலைத்தலம் ஆகும் என்பது நெல்லைச் சீமைக்குப் புதிய செய்தியுமன்று. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் முதலிய ஊர்களில், பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, சுளகை மடியில் ஏந்தித் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிய தாய்மாருக்கும் மகப்பேறு நலச் சட்டம் பொருந்தும் என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1974இல் தீர்ப்பளித்தது. எனினும் ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று எண்ணிக் கொடுக்கும் இடத்தில், பால் கொடுக்க எழுந்த நிமிஷங்களின் நஷ்டம் தாயின் தலையிலேயே விழுந்தது. முடித்த வேலையின் கணக்கு மட்டுமே கேட்கப்படுமானால், கணினி முன் அமர்ந்தவளுக்கும் அதே கதிதான் நேரும்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பாலூட்டும் தாய்மாருக்கென இயற்றப்பட்ட சட்டத்திற்கு மறு ஆண்டு விளக்கம் தந்த அந்நாட்டுத் தொழிலாளர் துறை, வீட்டிலிருந்து வேலை செய்பவளுக்கும் பால் பீச்சி எடுக்க இடைவேளை உண்டென்றும், அந்நேரத்தில் கணினிக் காமிராவின் வழியாகவோ காணொளிக் கூட்டத்தின் வழியாகவோ முதலாளி அவளைப் பார்க்கலாகாதென்றும் திட்டமாகச் சொல்லிவிட்டது.

அத்தகைய தெளிவான விதியை நம் சர்க்காரும் செய்வது அவசியம். அதுவரை, வேலைக்குத் திரும்புமுன்பே, இன்ன நேரங்களில் பாலூட்டப் போவதாகவும் அப்போது கூட்டத்திற்கு வர இயலாதென்றும் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதி, வரும் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது உசிதம். மறுத்தால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் முறையிடலாம். ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று அந்தச் சிறிது அவகாசத்திலும் அடுப்படி வேலையை அவள்மேல் ஏற்றாதிருப்பது வீட்டார் செய்யத்தக்க உபகாரம். தாயும் சேயும் எந்த ஊரில், எந்த அறையில் இருந்தாலும் இவ்வுரிமை அவர்களைத் தொடர்ந்து செல்வது. நிறுவனங்கள் அதைக் கொடுத்தே தீர வேண்டும்.